நாற்காலியும் எண்ணெய்க் கிணறும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொதுவாழ்வு தொடர்பான எந்தப் பொருளையும் எடுத்துக்கொண்டு பேசலாம் என்று விழாக் குழுவினர் எனக்கு உரிமை கொடுத்தார்கள். காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு எடுப்பதைப் பற்றி நம் அரசியல் கட்சிகள் இத்தனை ஆண்டுகளாக எப்படிப் பேசி வந்திருக்கின்றன என்பதை எடுத்துக்கொண்டேன். எண்ணெய் எடுக்கலாமா கூடாதா என்ற வழக்கை இங்கே நடத்தப் போவதில்லை. அந்த வழக்கை மக்கள் முன் வைக்கிற கட்சிகள் அதை எந்தச் சட்டகத்துக்குள் வைத்துக் காட்டுகின்றன, எதை வெளியே விடுகின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெயையும் வயலையும் பற்றி ஒரு கட்சி என்ன பேசும் என்பதை அதன் கொள்கை அறிக்கையைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கட்சி அன்றைக்கு எந்த நாற்காலியில் இருக்கிறது என்று பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். டெல்லியில் ஆட்சியில் இருந்தால் ஒரு பேச்சு, சென்னையில் ஆட்சியில் இருந்தால் இன்னொன்று, இரண்டிலும் இல்லாவிட்டால் மூன்றாவது. எந்தக் கட்சியும் இதற்கு விலக்கில்லை. ஆகவே குடிமக்களாகிய நாம் பேச்சைக் கேட்டுவிட்டுப் போகாமல், கையெழுத்தான தாள்களையும் படிக்கப் பழக வேண்டும்.

1. தேசத்தின் எண்ணெய்

முதலில் பிறந்தது தேசத்தின் பேச்சு. எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம், அதாவது ஓஎன்ஜிசி, 1956 ஆகஸ்ட் 14 அன்று தொடங்கப்பட்டது. அந்நிய நிறுவனங்களின் பிடியிலிருந்து இந்தியா விடுபட வேண்டும் என்று நேரு அமைச்சரவையில் வாதாடியவர் கே. டி. மாளவியா. சோவியத் வல்லுநர்கள் உதவிக்கு வந்தார்கள். 1960இல் குஜராத்தின் அங்க்லேஷ்வரில் எண்ணெய் கிடைத்தபோது அது விடுதலையின் தொடர்ச்சியாகவே பேசப்பட்டது. காங்கிரசுக்கு அதில் பெருமை. பொதுத்துறையைப் போற்றிய இடதுசாரிகளுக்கும் பெருமை. மண்ணுக்குக் கீழே இருப்பது நாட்டின் சொத்து, அதை நாட்டின் நிறுவனமே எடுக்கிறது என்பதால் யாருக்கும் கேள்வி எழவில்லை.

காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி துளையிடத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். 1980களில் நாகைக்கு அருகே நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993இல் அங்கேயே ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனுள்ள ஒரு சுத்திகரிப்பு ஆலை வந்தது. காரைக்காலில் கழகத்தின் அலுவலகம், குத்தாலத்திலும் அடியக்கமங்கலத்திலும் கிணறுகள் என்று விரிந்தபோது, தஞ்சை மாவட்டத்தில் வேலைவாய்ப்பு வருகிறது என்றுதான் எல்லாக் கட்சிகளின் மேடைகளும் பேசின.

இந்தத் தேசப் பேச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. 2015 மார்ச்சில் பிரதமர் மோடி, எண்ணெய் இறக்குமதியைச் சார்ந்திருப்பதை 2022க்குள் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார். அப்போது நாம் சார்ந்திருந்த அளவு 77 விழுக்காடு என்று கணக்கு. 2022 வந்தபோது அது 85 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் இறக்குமதி செய்கிற நாடு இது. தமிழ்நாட்டின் நிலப்பகுதிக் கிணறுகள் எல்லாம் சேர்ந்து அண்மை ஆண்டுகளில் தந்தது 5 லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. தஞ்சை வயலில் துளையிட்டால்தான் நாடு தலைநிமிரும் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதில்லை.

2. மீத்தேனும் மறந்துபோன கையெழுத்தும்

பேச்சு மாறிய இடம் மன்னார்குடி. 2010 ஜூலையில், மத்தியில் காங்கிரஸ் தலைமையிலான கூட்டணி ஆண்டபோது, நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆயிற்று. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2011 ஜனவரியில், திமுக ஆட்சியில், மாநில அரசும் அந்நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்போது இதைக் கவனித்தவர்கள் மிகச் சிலர்.

மீத்தேன் எடுப்பது பழைய எண்ணெய்க் கிணறு மாதிரி இல்லை. நிலக்கரிப் படிவத்தில் வாயு ஒட்டிக்கொண்டிருப்பதே அங்குள்ள நீரின் அழுத்தத்தால்தான். நீரை இறைத்து வெளியேற்றினால்தான் வாயு மேலே வரும். கோடையில் போர்வெல்லை நம்பிக் குறுவை நடுகிற, கடல் பக்கத்திலேயே இருக்கிற ஒரு மண்ணில் நிலத்தடி நீரை ஆண்டுக்கணக்கில் இறைத்துக் கொட்டினால் என்ன ஆகும் என்று கடைமடை உழவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்தப் பரப்புரைக்காகப் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் தங்கியிருந்தபோது, 2013 டிசம்பர் 30 அன்று காலமானார்.

கட்சிகள் எல்லாம் பின்னால் வந்தவர்கள் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். 2013இல் முதல்வர் ஜெயலலிதா திட்டத்தை நிறுத்தி வைத்து வல்லுநர் குழு அமைத்தார். 2015இல் அனுமதி இல்லை என்று மாநில அரசு அறிவித்தது. அன்று முதல் டெல்டா அரசியலில் இரண்டு வாக்கியங்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. "மீத்தேனுக்குக் கையெழுத்துப் போட்டது திமுக" என்பது அதிமுகவின் வாக்கியம். "அது ஆய்வுக்கான ஒப்பந்தம் மட்டுமே" என்பது திமுகவின் பதில். ஆய்வு என்ற சமாதானம் அதோடு நிற்கவில்லை. பின்னாளில் டெல்லியும் அதையே கையில் எடுத்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

இன்னொரு செய்தியும் உண்டு. மீத்தேன் கொள்கை வகுக்கப்பட்டது 1997இல், ஐக்கிய முன்னணி ஆட்சியில். தனியாருக்கு எண்ணெய் வயல்களை ஏலம் விடும் புதிய கொள்கையின் முதல் சுற்று 1999இல், வாஜ்பாய் ஆட்சியில். மன்னார்குடி ஒப்பந்தம் மன்மோகன் சிங் ஆட்சியில். திமுக, அதிமுக, பாமக, காங்கிரஸ், பாஜக, இடதுசாரிகள் என நம் மாநிலத்தில் இன்று இது பற்றிப் பேசுகிற ஒவ்வொரு கட்சியும் இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில் ஆட்சியிலோ கூட்டணியிலோ ஆதரவு வரிசையிலோ இருந்தது. படிகள் கட்டியதில் எல்லாருக்கும் பங்கு இருக்க, கட்டடத்துக்கு மட்டும் யாரும் உரிமை கோருவதில்லை.

3. நெடுவாசல்: உறுதிமொழிக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே

2016 மார்ச்சில் மத்திய அரசு ஒரு புதிய உரிமக் கொள்கையைக் கொண்டுவந்தது. அதுவரை எண்ணெய்க்கு ஓர் உரிமம், மீத்தேனுக்கு வேறு, ஷேல் வாயுவுக்கு வேறு என்று இருந்தது. இனி ஒரே உரிமம், கிடைக்கும் எல்லா ஹைட்ரோகார்பனையும் எடுக்கலாம் என்றார்கள். இதனால் மேடைப் பேச்சுக்குப் புதிய வசதி கிடைத்தது. ஆதரிப்பவர் "இது மீத்தேன் திட்டமே இல்லை" என்றார். எதிர்ப்பவர் "இது மீத்தேனையும் சேர்த்த திட்டம்" என்றார். உரிமத் தாளின்படி பார்த்தால் இரண்டையும் சொல்ல இடமிருந்தது.

2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவை நாடு முழுவதும் 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஒப்புதல் தந்தது. அவற்றில் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல். கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்குப் போயிற்று. மறுநாளே ஊர் திரண்டது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. தலைவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மக்கள் விரும்பாத திட்டம் வராது என்று மாநில ஆட்சியாளரும் மத்திய ஆட்சியாளரும் உறுதி சொன்னார்கள். அதை நம்பி மார்ச்சில் போராட்டத்தை நிறுத்தினார்கள். மார்ச் 27 அன்று டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரல் 12 அன்று மீண்டும் பந்தல் போட்டார்கள்.

நெடுவாசலில் துளையிடும் வேலை தொடங்கவே இல்லை. காரணம், எந்த மேடைப் பேச்சும் இல்லை. நிலப்பகுதியில் எண்ணெய் எடுக்கும் குத்தகையை, மத்திய அரசின் முன் ஒப்புதலோடு, மாநில அரசுதான் வழங்க வேண்டும் என்றது அப்போது நடப்பில் இருந்த 1959ஆம் ஆண்டு விதி. ஓஎன்ஜிசி பெயரில் இருந்த குத்தகை புதிய நிறுவனத்துக்கு மாற்றித் தரப்படவில்லை. திட்டம் அங்கேயே நின்றது. எண்ணெய் வயல்களை ஒழுங்குபடுத்துவது அரசமைப்பில் மத்தியப் பட்டியலின் 53ஆவது தலைப்பு. வேளாண்மையும் நீரும் நிலமும் மாநிலப் பட்டியல். இரண்டும் ஒரே வயலில் சந்திக்கின்றன. "டெல்லி திணிக்கிறது" என்று சென்னை சொல்வதும் "மாநில அரசு குத்தகை தராமல் ஒப்பந்தம் நடக்குமா" என்று டெல்லி கேட்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதன் சட்டக் காரணம் இதுதான். நிலப்பகுதி எண்ணெய்க்கான உரிமத் தொகை மாநிலக் கருவூலத்துக்கு வருகிறது என்பதை இரு தரப்பும் அடக்கியே வாசிக்கின்றன.

அதே 2017 ஜூன் 30 அன்று கும்பகோணத்தை அடுத்த கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியது. மக்கள் கூடினார்கள், தீ மூண்டது, தடியடி நடந்தது, போராடியவர்கள் கைதானார்கள். அன்று மாநிலத்தை ஆண்டது மீத்தேனைத் தடுத்த அதே கட்சி. புதிய திட்டம் என்றால் உழவர் பக்கம், பழைய குழாய் என்றால் சட்டம் ஒழுங்கின் பக்கம் என்று ஓர் அரசு ஒரே ஆண்டில் இரண்டு முகம் காட்ட முடிந்தது.

4. பாதுகாக்கப்பட்ட மண்டலமும் அதற்குள் ஓர் ஆலையும்

2020ஆம் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. ஆய்வுக் கிணறுகள் அதுவரை 'ஏ' பிரிவில் இருந்தன. டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும், தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும், மக்கள் கருத்துக் கேட்பு வேண்டும். அவற்றை 'பி2' பிரிவுக்கு மாற்றினார்கள். இனி மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், கருத்துக் கேட்பும் வேண்டாம். ஆய்வுதானே, எடுப்பது பிறகுதானே என்பது நியாயம். 2011 கையெழுத்துக்குத் திமுக சொன்ன அதே நியாயம், இப்போது பாஜக ஆட்சியின் அறிவிக்கையில்.

பிப்ரவரி 9 அன்று தலைவாசலில் நடந்த விழாவில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி, காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் ஆகும் என்று அறிவித்தார். காவிரி உரிமை மீட்புக் குழுவும் பாமகவும் உழவர் அமைப்புகளும் நெடுநாளாகக் கேட்டு வந்தது அது. பிப்ரவரி 20 அன்று சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படாததால் திமுக வெளிநடப்புச் செய்தது. அது சொன்ன குறைகளில் முக்கியமானவை இரண்டு: திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்கள் விடுபட்டன, ஏற்கெனவே நடக்கும் திட்டங்களுக்குச் சட்டமே விலக்கு அளிக்கிறது.

சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். அது தடை செய்யும் தொழில்களின் பட்டியல். துத்தநாகம், செம்பு, அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்பு ஆலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைக்கும் தொழில் ஆகியவற்றோடு எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு ஆகியவற்றைத் தேடுவதும் துளையிடுவதும் எடுப்பதும் அதில் உண்டு. உருப்படியான பட்டியல்தான். ஆனால் சட்டம் வருவதற்கு முன் தொடங்கிய எந்தச் செயலையும் திட்டத்தையும் அது தொடாது. காவிரிப் படுகையில் பெரும்பாலான கிணறுகள் அந்தக் கணக்கில் வருபவை.

ஏறத்தாழ ஓர் ஆண்டு கழிந்தது. 2021 பிப்ரவரி 17 அன்று, சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில், நாகப்பட்டினத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனுள்ள காவிரிப் படுகைச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பிரதமர் காணொளியில் அடிக்கல் நாட்டினார். மதிப்பு 31,500 கோடி ரூபாய். வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்த முதல்வரும் அந்த விழாவில் இருந்தார். பழைய ஆலையைப் போலப் பதினெட்டு மடங்கு. அதுவும் பாதுகாக்கப்பட்ட மண்டலத்துக்குள்ளேயே. ஆட்சி மாறிய பிறகும் பனங்குடி வட்டாரத்தில் நிலம் எடுக்கும் வேலை தொடர்ந்தது. துளையிடுவதை எதிர்த்து மேடை போட்ட பெரிய கட்சிகள் எதுவும் இந்த ஆலையைத் தேர்தல் பிரச்சினை ஆக்கவில்லை. கிணறு வந்தால் துரோகம், ஆலை வந்தால் வளர்ச்சி என்று எங்கே கோடு கிழித்தார்கள், ஏன் கிழித்தார்கள் என்று அவர்கள் விளக்கவும் இல்லை.

2021இல் திமுக ஆட்சிக்கு வந்தது. ஜூன் 13 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் வடதெருவை ஏலத்தில் சேர்த்ததை எதிர்த்து முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். மீத்தேன் எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகவும் அறிவித்தார். 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி ஆகிய மூன்றும் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது, தானும் டெல்டாக்காரன்தான் என்று சட்டமன்றத்திலேயே சொன்னார். நான்கே நாளில் மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கினார். முதல்வர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தால் நீங்கியது என்றது திமுக. தம் மாநிலத் தலைவர் டெல்லிக்குச் சொன்னதால் நீங்கியது என்றது பாஜக. தாங்கள் கொண்டுவந்த சட்டத்தின் வலிமை என்றது அதிமுக. மூவரும் வென்றார்கள். ஏலப் பட்டியலில் அந்த இடங்கள் எப்படி ஏறின என்ற கேள்வி மட்டும் யாருடைய பொறுப்பிலும் இல்லை.

எதிர்க்கட்சியாக இருந்தபோது திமுக சுட்டிக்காட்டிய விலக்கு, பழைய திட்டங்களுக்குச் சட்டம் கொடுத்த அந்த விலக்கு, அது ஆளும்கட்சி ஆன பிறகும் சட்டத்தில் அப்படியே நின்றது. மண்ணியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, எண்ணெய் எடுப்பதால் நேரும் பாதிப்பை ஆராய்ந்து 2022இல் அரசிடம் அறிக்கை கொடுத்தது. அது உடனே மக்கள் பார்வைக்கு வரவில்லை. வெளியிடுங்கள் என்று சூழல் அமைப்புகள் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்த காட்சி 2025, இராமநாதபுரம். அந்த மாவட்டம் வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் இல்லை. அங்கே 20 ஆய்வுக் கிணறுகளுக்கு ஓஎன்ஜிசிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது மாநில அளவிலான தாக்க மதிப்பீட்டு ஆணையம். 'பி2' மாற்றத்தால் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு வந்திருந்தது. செய்தி வெளியானதும் அமைச்சர் தங்கம் தென்னரசு, அனுமதியைத் திரும்பப் பெறும்படி ஆணையத்துக்கு அறிவுறுத்தப்பட்டிருப்பதாகச் சொன்னார். ஆணையம் மாநில அளவில் இயங்குவது. ஆனால் மத்திய அரசின் அறிவிக்கையால் அமைவது. ஆகவே இரு அரசுகளும் எதிரெதிர் திசையில் கை காட்ட முடிந்தது. கருத்துக் கேட்பு நடந்திருந்தால் அந்த ஊர்க்காரர்கள் நாளிதழைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வந்திருக்காது.

5. அசாமும் அமெரிக்காவும்

இது நம் ஊரின் தனிக் குணமா என்று கேட்கலாம். இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

அசாமில் திக்பாய் எண்ணெய் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. 1979–80இல் மாணவர் இயக்கம் அங்கே கச்சா எண்ணெய் வெளியே போவதை மறித்தது. "ரத்தம் தருவோம், எண்ணெய் தரமாட்டோம்" என்பது அவர்களின் முழக்கம். சுற்றுச்சூழல் அதில் இல்லை. எங்கள் எண்ணெயை எங்கள் மண்ணிலேயே சுத்திகரியுங்கள் என்பது கோரிக்கைகளில் ஒன்று. 1985 அசாம் உடன்பாட்டின் பயனாக நுமாலிகரில் ஆலை எழுந்தது. மாநில உரிமை என்ற ஒரே உணர்வு அங்கே எண்ணெயைக் கேட்டது. இங்கே எண்ணெயை வேண்டாம் என்றது. 2020 மே 27 அன்று தின்சுகியா மாவட்டத்து பாக்ஜானில் கிணறு வெடித்து, ஜூனில் தீப்பிடித்து, நவம்பர் வரை எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். மாகுரி சதுப்புநிலம் எண்ணெயில் நனைந்தது. அதன் பிறகும் அங்கே எந்தப் பெரிய கட்சியும் எண்ணெயே வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வழியில்லை, நூறு ஆண்டுப் பிழைப்பு அதில் இருக்கிறது.

அமெரிக்காவில் இரண்டு கட்சிகளும் நேரெதிர் அணி என்று நமக்குத் தோன்றும். 2008 குடியரசுக் கட்சி மாநாட்டில் மைக்கேல் ஸ்டீல் எழுப்பிய "துளை போடு" முழக்கம் இன்றும் டிரம்ப் மேடைகளில் கேட்கிறது. ஆனால் 1969இல் சாண்டா பார்பரா கடலில் எண்ணெய் கொட்டிய பிறகு, தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை நிறுவியவரும் அதே குடியரசுக் கட்சியின் நிக்சன். மறுபக்கம், அரசு நிலங்களில் புதிய துளையிடலுக்கு இடமில்லை என்று 2020இல் வாக்குக் கேட்ட ஜனநாயகக் கட்சியின் பைடன், 2023 மார்ச்சில் அலாஸ்காவின் வில்லோ திட்டத்துக்கு அனுமதி தந்தார். அதே ஆண்டில் அமெரிக்கக் கச்சா எண்ணெய் உற்பத்தி அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது.

அலாஸ்காவின் வடமுனை வனவிலங்குக் காப்பகத்துக்காக அந்த இரண்டு கட்சிகளும் நாற்பது ஆண்டு மல்லுக்கட்டின. 1995இல் கிளிண்டன் தம் தடையதிகாரத்தால் மறித்தார். 2017இல் குடியரசுக் கட்சி வரிச் சட்டத்தோடு சேர்த்துத் திறந்துவிட்டது. 2021 ஜனவரி 6 அன்று முதல் ஏலம். கிடைத்தது சுமார் 1.44 கோடி டாலர். பெரிய எண்ணெய் நிறுவனங்கள் எட்டிப் பார்க்கவில்லை. 2025 ஜனவரியில் நடந்த இரண்டாம் ஏலத்துக்கு ஒரு விண்ணப்பமும் வரவில்லை. மேடையில் நாட்டின் விதியைத் தீர்மானிக்கும் எண்ணெய், சந்தையில் விலை போகவில்லை. அங்கே வாழும் மக்களும் ஒரே குரலில் பேசவில்லை. கரிபு மான்களை நம்பி வாழும் குவிச்சின் மக்கள் எதிர்த்தார்கள். காக்டோவிக் ஊரின் இனுபியாட் மக்களில் பலர் பள்ளியும் மருத்துவமனையும் வரும் என்று ஆதரித்தார்கள். "மக்கள்" என்று ஒருமையில் பேசிய இரு கட்சிகளுக்கும் அது இடைஞ்சலாகவே இருந்தது.

6. சட்டகத்துக்கு வெளியே

திரும்பி நம் வயலுக்கு வருவோம். திருவாரூர், நாகை மாவட்டங்களில் சாலையில் போகும்போது ஒரு கிணற்றுத் திடலை நீங்களே பார்க்கலாம். நெல் வயலை விட உயரமாக மண் கொட்டி மேடாக்கிய சில ஏக்கர். சுற்றிலும் கம்பி வேலி. நடுவே ஆளுயரத்துக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வால்வுகள். ரிக் வந்த காலத்தில் வெட்டிய கழிவுக் குழி ஒரு மூலையில். சாலையிலிருந்து அங்கே போகக் கப்பிப் பாதை. அது வாய்க்காலைத் தாண்டுகிற இடத்தில் ஒரு சிமெண்டுக் குழாய். அக்கம்பக்கத்து உழவரிடம் பேச்சுக் கொடுத்தால் புவி வெப்பத்தைப் பற்றியோ தேச பக்தியைப் பற்றியோ அவர் பேசமாட்டார். ஐப்பசி அடைமழையில் அந்தக் குழாய் வழியே தண்ணீர் வடியாமல் சம்பா நாற்று அழுகுவதைப் பற்றிச் சொல்வார். எடுத்து முடித்த கிணற்றை எப்போது மூடுவார்கள், மேட்டைக் கரைத்து நிலத்தை எப்போது திருப்பித் தருவார்கள் என்று கேட்பார்.

இந்தக் கேள்விகளுக்கு எந்தக் கட்சியின் பேச்சிலும் இடம் இல்லை. தேசப் பேச்சுக்கு அவை மிகச் சிறியவை. மண் காக்கும் பேச்சுக்கு அவை பழையவை. புதிய எதிரி அங்கே இல்லை. மாநில உரிமைப் பேச்சுக்கு அவை சங்கடமானவை. வாய்க்காலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாவட்ட ஆட்சியரும் மாநில அரசின் கீழேயே இருக்கிறார்கள்.

இன்னும் சிலர் விடுபடுகிறார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்குப் பணம் வருகிறது. அந்த நிலத்தில் நாற்று நட்ட கூலிப் பெண்ணுக்கு வருவதில்லை. காரைக்காலிலும் நரிமணத்திலும் ஒப்பந்தத் தொழிலாளராகப் பிழைப்பவர்கள், எல்லாவற்றையும் மூடு என்ற முழக்கம் கேட்கும்போது யாரிடம் போவார்கள்? "உழவர்" என்ற ஒரே சொல்லில் இவர்கள் எல்லாரையும் அடைத்துவிடுவது மேடைக்கு எளிது. பாதுகாக்கப்பட்ட மண்டலம் என்று அறிவித்த பிறகும் நெல்லுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காமல், கொள்முதல் நிலைய வாசலில் மழையில் மூட்டை நனைந்தால், நிலத்தை வேறு எதற்காவது விற்பவரைக் குறை சொல்லி என்ன பயன்?

இதையெல்லாம் சொல்வதால் கட்சிகள் பயனற்றவை என்று பொருளில்லை. 2020 சட்டம் புதிய உரிமங்களுக்குப் பெரும் தடை. அதை மறுக்க முடியாது. 2023இல் நான்கே நாளில் மூன்று நிலக்கரிப் பகுதிகள் நீங்கியதும் உண்மை. இரண்டிலும் கட்சிகள் போட்டி போட்டதால்தான் நன்மை விளைந்தது. அந்தப் போட்டியை உண்டாக்கியவர்கள் நெடுவாசல் பந்தலில் வெயிலில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களின் கோரிக்கை தெளிவாக இருந்தபோது கட்சிகள் ஓடி வந்தன. கோரிக்கை பொத்தாம்பொதுவாக இருந்த இடத்தில் கட்சிகளும் பொத்தாம்பொதுவாகப் பேசிவிட்டுப் போயின.

7. கேட்க வேண்டியவை

ஆகவே என் வேண்டுகோள், குறிப்பாக இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர் "டெல்டாவைக் காப்போம்" என்று சொன்னால் கைதட்டுங்கள். தட்டிவிட்டுச் சில கேள்விகளையும் கேளுங்கள்.

பழைய கிணறுகளுக்கு வேளாண் மண்டலச் சட்டம் தரும் விலக்கை நீக்குவீர்களா, அல்லது ஒவ்வொரு கிணற்றுக்கும் மூடும் ஆண்டைக் குறித்து அட்டவணை வெளியிடுவீர்களா? வல்லுநர் குழுக்கள் கொடுக்கும் அறிக்கைகளைச் சட்டமன்றத்தில் வைப்பீர்களா? ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பை மீண்டும் கொண்டுவர நாடாளுமன்றத்தில் வாதாடுவீர்களா? உங்கள் கட்சி மத்தியில் ஆட்சியிலோ கூட்டணியிலோ இருந்தாலும் அதையே பேசுவீர்களா? மாநிலத்துக்கு வரும் எண்ணெய் உரிமத் தொகையில் ஒரு பங்கை, கிணறு இருக்கும் ஊராட்சிகளின் வாய்க்கால்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் ஒதுக்குவீர்களா? துளையிடத் தடை உள்ள மண்ணில் சுத்திகரிப்பு ஆலைக்கு மட்டும் எந்த அடிப்படையில் இடம் தந்தீர்கள்?

ஆதரிக்கிற கட்சியையும் இதே கேள்விகளால் சோதியுங்கள். நாட்டுக்கு எண்ணெய் வேண்டும் என்று சொல்பவர், இந்தப் படுகை தரக்கூடிய அளவு எவ்வளவு, அதற்கு ஈடாக இழப்பது எவ்வளவு என்று கணக்கு வைக்கட்டும். கணக்கு சரியாக இருந்தால் அதை மறுக்க நமக்கும் உரிமை இல்லை.

பதில்களை எழுத்தில் வாங்குங்கள். வாங்கிய தாளைத் தேர்தல் முடிந்த பிறகும் வைத்திருங்கள். 2011இல் கையெழுத்தானதை ஊர்மக்கள் தெரிந்துகொள்ள இரண்டு ஆண்டு பிடித்தது. இனிமேல் கையெழுத்துக்கு முன்பே நமக்குத் தெரிய வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது நம் வேலை.